பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் காண்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து முன் அட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்பது அதன் சாரம். அந்த ஆங்கில வாக்கியத்தின் நடுவில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வரும். 'லெட்' என்றால் 'விடு', 'அனுமதி' என்றுதான் பள்ளியில் படித்தோம். அதை இங்கே பொருத்தினால் 'அனுமதி இல்லாமலும் தடை இல்லாமலும்' என்று வாக்கியம் நொண்டும். இந்த 'லெட்' வேறொரு சொல். தடை, இடையூறு என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் 'விடு' என்பதற்கும் 'தடு' என்பதற்கும் தனித்தனி வினைகள் இருந்தன. காலப்போக்கில் இரண்டின் ஒலியும் ஒன்றாகிப் போனது. 'தடு' மெல்ல வழக்கிழந்தது. ஆனால் பாஸ்போர்ட்டிலும், சர்வ் செய்த பந்து வலையை உரசிக்கொண்டு விழும்போது டென்னிஸ் நடுவர் சொல்லும் 'லெட்'டிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பழைய ஆங்கிலம் படிக்கிறவர்களை உண்மையில் ஏமாற்றுவது இப்படிப்பட்ட சொற்கள்தான். விசித்திரமான சொல் வந்தால் நாமே நின்று அகராதியைப் புரட்டுவோம். பழக்கமான சொல் வந்தால் நிற்க மாட்டோம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு எச்சரிக்கையைச் சுற்றித்தான் வரும். வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து ஆங்கிலப் பத்திரம் வைத்திருப்பவர்கள், கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படிப்பவர்கள், பழைய ஆங்கில விவிலியம் வாசிப்பவர்கள், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்து ஆவணங்களைப் புரட்டுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: கையில் இருப்பது எந்த ஆண்டுப் பிரதி?

சொல்லைத் தேடும் முன் ஆண்டைத் தேடுங்கள். மொழியியலாளர்கள் 'பழைய ஆங்கிலம்' என்று சொல்வது ஏறத்தாழ 1100க்கு முந்தைய மொழியை. அது இன்றைய ஆங்கிலேயருக்கே அயல்மொழி போன்றது, தனியாகப் பயின்றால்தான் புரியும். 1400இல் இறந்த கவிஞர் சாசரின் ஆங்கிலம் அதற்கு அடுத்த கட்டம். நம் கைக்கு வருபவை பெரும்பாலும் 1500க்குப் பிந்தையவை. இந்த வழிகாட்டியும் அந்தக் காலத்துக்கானதுதான்.

ஆண்டு ஏன் முக்கியம் என்றால், ஒரே சொல் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நகர்கிறது. 'ப்ரெசன்ட்லி' என்பதைப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெரும்பாலும் 'உடனே, இந்தக் கணமே'. பிறகு 'சற்று நேரத்தில்' ஆனது. இன்று நம் அலுவலகங்களில் 'தற்போது' என்ற பொருளில் எழுதுகிறோம். 'சூன்' என்பதும் ஆதியில் 'உடனே'தான். 'பை அண்ட் பை', 'அனான்' ஆகியவையும் அப்படியே தளர்ந்தவை. உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாமதிப்பது மனித இயல்பு போலும். நம் 'இதோ வருகிறேன்' என்பதில் உள்ள 'இதோ'வும் அதே வழியில் தளர்ந்திருக்கிறது.

ஆண்டு பற்றியே இன்னொரு எச்சரிக்கை. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. எனவே 1700 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1701 பிப்ரவரி. சென்னைக் கோட்டையின் பழைய நாட்குறிப்புகளில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளுக்கு 1682/3 என்பதுபோல இரட்டை ஆண்டு போட்டிருப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: சொல்லுக்கு முன் எழுத்து

பல சமயம் சொல் பழையதாக இருக்காது, எழுத்துதான் பழையதாக இருக்கும். 1800ஐ ஒட்டிய காலம் வரை அச்சில் 'எஸ்' எழுத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. சொல்லின் முதலிலும் நடுவிலும் நீண்ட 'எஸ்', கடைசியில் இன்றைய 'எஸ்'. நீண்ட வடிவம் பார்ப்பதற்கு 'எஃப்' போலவே இருக்கும். குறுக்குக்கோடு மட்டும் வலப்பக்கம் நீளாது. இதனால் 'பெஸ்ட்' என்ற எளிய சொல் 'பெஃப்ட்' என்று தெரியும். கணினியும் இதே தவறைச் செய்கிறது. ஸ்கேன் செய்த பழைய நூல்களில் ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்காவிட்டால், 'எஸ்' இருக்குமிடத்தில் 'எஃப்' போட்டு மறுபடி தேடிப் பாருங்கள், கிடைத்துவிடும்.

1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தின் முதல் பதிப்பில் 'யு', 'வி' இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். சொல்லின் தொடக்கத்தில் 'வி', நடுவில் 'யு'. அதனால் 'அப்' என்பது 'வி'யில் தொடங்கும், 'லவ்' நடுவில் 'யு' வரும். 'ஐ', 'ஜே' கதையும் இதுவே.

கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று பார்த்திருப்பீர்கள். அங்கே 'ஒய்' எழுத்து உண்மையில் 'ஒய்' அல்ல. 'த' ஒலிக்கு ஆங்கிலத்தில் 'தார்ன்' என்ற தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது 'ஒய்' போலத் தேய்ந்தது. ஆகவே அந்தச் சொல் வெறும் 'த' (அந்த) தான், படிக்கும்போதும் அப்படியே படிக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகத்தில் 'னை', 'லை' எல்லாம் வேறு உருவில் இருக்கும். ஒரு வாரம் படித்தால் கண் பழகிவிடும்.

மூன்றாம் படி: சின்னச் சொற்களைத் தமிழ்க் கண்ணால் பாருங்கள்

இங்கே தமிழர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இன்றைய ஆங்கிலேயப் பிள்ளைகள் தடுமாறும் பல இடங்களில் நாம் தடுமாறத் தேவையில்லை. ஆங்கிலம் தொலைத்ததை நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

'தௌ' என்றால் நீ. 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'தை', 'தைன்' என்றால் உன்னுடைய. உயிரொலிக்கு முன்னால் 'தைன்' வரும். 'யீ', 'யூ' இரண்டும் முதலில் பன்மை, அதாவது நீங்கள். பிறகு நம்மைப் போலவே மரியாதைக்காக ஒருவரையும் 'நீங்கள்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பொதுப் பேச்சில் 'நீ' தேய்ந்து எல்லோரும் 'நீங்கள்' ஆனார்கள். இன்றைய 'யூ' உண்மையில் 'நீங்கள்'தான்.

இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். விவிலியத்தில் கடவுளை 'தௌ' என்று அழைப்பதால் அது மிகுந்த மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். அது நெருக்கத்தின் சொல், சமயத்தில் இழிவின் சொல். நம் பக்திப் பாடல்களில் இறைவனை 'நீ' என்று உரிமையோடு பாடுவதை நினைத்துக்கொண்டால் போதும். 1603இல் கடலோடியும் அரசவைப் பிரமுகருமான வால்ட்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, உன்னை 'நீ' என்றுதான் சொல்வேன், துரோகியே என்று கத்தினார். 'தௌ' என்பதையே வினையாக்கிச் சொன்ன வசை அது. இன்னொரு பக்கம், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மனிதர்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது என்று பெரிய மனிதர்களையும் 'தௌ' என்றே அழைத்து, அதற்காக அடியும் வசையும் வாங்கினார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு பாத்திரம் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு மாறினால் அங்கே நின்று கவனியுங்கள். கோபம் ஏறியிருக்கும், அல்லது அன்பு கூடியிருக்கும்.

அப்புறம் வினை விகுதி. 'நோவெஸ்ட்' என்றால் அறிகிறாய், 'நோவெத்' என்றால் அறிகிறான் அல்லது அறிகிறாள். நம் '-ஆய்', '-ஆன்' போல வினையே யாரென்று காட்டிவிடும். 'ஹாத்', 'டத்', 'செத்' எல்லாம் அந்த '-எத்' விகுதியின் குறுக்கங்கள். 'செத்' இறந்தகாலம் அல்ல, 'சொல்கிறார்' என்ற நிகழ்காலம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 'தை கிங்டம் கம்' என்ற ஜெப வாக்கியத்தில் 'கம்' என்பதை 'வா' என்று ஏவலாக எடுத்துக்கொண்டால் பொருள் சரியாக அமராது. தமிழ் விவிலியத்தில் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்று இருக்கிறது. அது நம் வியங்கோள் வினைமுற்று. 'காட் சேவ் த கிங்' என்பதும் 'கடவுள் காப்பாராக' என்ற வியங்கோள்தான். ஆங்கிலத்தில் வினையின் கடைசியில் 'எஸ்' விட்டுப்போயிருக்கிறதே, அச்சுப்பிழையோ என்று தோன்றும் பழைய வாக்கியங்களில் பாதி இந்த வகை.

இடச்சொற்களுக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம். தமிழில் இ, அ, எ என்று வைத்து இங்கே, அங்கே, எங்கே என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'எச்', 'டி எச்', 'டபிள்யூ எச்' செய்கின்றன. 'ஹியர்' இங்கே, 'ஹிதர்' இங்கு நோக்கி, 'ஹென்ஸ்' இங்கிருந்து. 'தேர்', 'திதர்', 'தென்ஸ்' என்றால் அங்கே, அங்கு நோக்கி, அங்கிருந்து. 'வேர்', 'விதர்', 'வென்ஸ்' என்றால் எங்கே, எங்கு நோக்கி, எங்கிருந்து. ஒன்பது சொற்களையும் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

இந்தக் கட்டத்துக்குள் 'வேர்ஃபோர்' என்பதை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது 'ஏன், எதற்காக' என்று கேட்கும் சொல். ஜூலியட் மாடத்தில் நின்று, ரோமியோ எங்கே இருக்கிறாய் என்று தேடுவதாகப் பலர் நடித்துக் காட்டுவார்கள். அவள் கேட்பது 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?' என்று. பகைக் குடும்பத்துப் பெயர் உனக்கு ஏன் வாய்த்தது என்பது அவள் துயரம். அடுத்த வரியிலேயே தந்தையை மறுத்துவிடு, பெயரைத் துறந்துவிடு என்கிறாள். எங்கே என்று படித்தால் அந்த வரி ஒட்டாது.

நாள் சொற்களிலும் நாம் பணக்காரர்கள். 'முந்தாநாள்', 'நாளை மறுநாள்' என்பதற்கு இன்றைய ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை, சுற்றித்தான் சொல்ல வேண்டும். முன்பு 'எரெஸ்டர்டே', 'ஓவர்மாரோ' என்று இருந்தன. 'ஏர்' என்றால் முன்பு. 'ஃபோர்ட்நைட்' பதினான்கு இரவுகள், அதாவது இரண்டு வாரம். அதே பாணியில் 'செனைட்' ஏழு இரவுகள், ஒரு வாரம். முதலாவது பிழைத்துக்கொண்டது, இரண்டாவது போய்விட்டது.

நான்காம் படி: தெரிந்த சொல்லைச் சந்தேகியுங்கள்

எல்லாவற்றிலும் கடினமான படி இது. ஒரு வாக்கியம் லேசாகப் பிசிறடித்தால், அதிலுள்ள மிக எளிய சொல்லை முதலில் சந்தேகியுங்கள்.

விவிலியத்தின் சங்கீதம் 23இன் முதல் வரி 'ஐ ஷால் நாட் வான்ட்' என்று முடிகிறது. 'எனக்கு வேண்டாம்' என்று பொருள் கொண்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். 'வான்ட்' என்றால் அன்று குறைவுபடுதல், இல்லாமை. தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று அழகாக வந்திருக்கிறது. 'சஃபர் த லிட்டில் சில்ட்ரன்' என்ற தொடரில் குழந்தைகள் துன்பப்படவில்லை. 'சஃபர்' என்றால் இடங்கொடு, அனுமதி. 'க்விக் அண்ட் த டெட்' என்பதில் 'க்விக்' வேகம் அல்ல, உயிருள்ளவர்கள். நகத்தடியில் உள்ள உயிர்ச்சதைக்கு இன்றும் ஆங்கிலத்தில் அதே பெயர். 'மீட்' என்றால் எந்த உணவும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் செடிகளும் கனிகளுமே 'மீட்' என்று கொடுக்கப்படுகின்றன. 'ப்ரிவென்ட்' என்றால் முந்திக்கொள்ளுதல். சங்கீதம் 119இல் ஒருவர் விடியலை 'ப்ரிவென்ட்' செய்ததாக வரும். அவர் விடியலைத் தடுக்கவில்லை, விடிவதற்கு முன்பே எழுந்தார்.

இந்த உதாரணங்களை விவிலியத்திலிருந்து எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எந்த மதத்தவராக இருந்தாலும், பழைய ஆங்கிலம் கற்க இதைவிட நல்ல வசதி தமிழருக்குக் கிடையாது. 1611 மொழிபெயர்ப்பு ஒரு கையில், பழைய தமிழ் விவிலியம் மறு கையில். வசன எண் இரண்டிலும் இருப்பதால் வரிக்கு வரி ஒப்பிடலாம். ஆங்கிலம் குழப்பும் இடத்தில் தமிழ் வழிகாட்டும்.

விவிலியத்துக்கு வெளியேயும் இந்தக் கூட்டம் பெரிது. 'நைஸ்' முதலில் அறியாதவன், முட்டாள் என்ற வசை. லத்தீனில் 'தெரியாத' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'சில்லி' இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. பாக்கியம் பெற்றவர், கள்ளமற்றவர், பாவம் இரங்கத்தக்கவர் என்று இறங்கி இன்று அசடு ஆகியிருக்கிறது. 'ஆஃபுல்' என்பது பிரமிப்பூட்டும் என்று இருந்தது. 'ஆர்டிஃபிஷியல்' என்பது கைத்திறன் மிக்க என்ற பாராட்டு. 'ஃபாண்ட்' என்றால் அறிவிழந்த. 'டியர்' என்ற மான் ஒருகாலத்தில் எந்த விலங்கும். 'கேர்ல்' ஆண் பிள்ளைக்கும் சொன்ன பெயர். 'கார்ன்' என்று இங்கிலாந்துக்காரர் எழுதினால் மக்காச்சோளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எந்தத் தானியமும் ஆகலாம்.

நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளில் வரும் 'மாடு' செல்வம். ஆங்கிலத்தில் அசையும் பொருள்களைக் குறிக்கும் 'சாட்டல்' என்ற பழைய சொல்லும், மாடு என்ற பொருளிலுள்ள 'கேட்டில்' என்ற சொல்லும் ஒரே வேரின் கிளைகள். இரண்டு தேசத்திலும் செல்வம் என்றால் கொட்டிலில் நிற்பதுதான் என்று இருந்திருக்கிறது.

ஐந்தாம் படி: அகராதியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கைபேசி அகராதி முதலில் காட்டும் பொருளோடு நின்றுவிட்டால் இதுவரை சொன்னது வீண். கீழே இறங்கிக் கடைசிப் பொருள்வரை பாருங்கள். அங்கே சிறு குறிப்புகள் இருக்கும். 'ஆப்சலீட்' என்றால் முற்றிலும் வழக்கிழந்தது. 'ஆர்கேயிக்' என்றால் பேச்சில் இல்லை, ஆனால் ஜெபத்திலோ கவிதையிலோ சட்டத்திலோ இன்னும் தலைகாட்டும். 'டேட்டட்' என்றால் நம் தாத்தா தலைமுறை பேசியது. 'ஹிஸ்டாரிக்கல்' என்பது வேறு வகை. அங்கே சொல் சாகவில்லை, அது குறித்த பொருள்தான் உலகில் இல்லாமல் போயிருக்கிறது. நம் 'காலணா' மாதிரி.

பெரிய துணை ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி. அதன் முதல் பகுதி 1884இல் வந்தது, முழுதும் முடிய 1928 ஆனது. ஜேம்ஸ் மர்ரே பதிப்பாசிரியராக உழைத்து, முடிவைப் பார்க்காமலே 1915இல் இறந்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதி. அதன் தனிச்சிறப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் அது எந்த ஆண்டில் எழுத்தில் தென்பட்டது, எப்போது மறைந்தது என்று மேற்கோளோடு காட்டுவது. உங்கள் பிரதியின் ஆண்டை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். 1650ஆம் ஆண்டுப் பிரதிக்கு 1800இல் பிறந்த பொருளைக் கொடுக்க முடியாது. முதல் படியில் ஆண்டைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். சந்தா கட்ட வேண்டிய அகராதி அது. பெரிய நூலகங்களில் பார்க்கலாம். இலவசமாக வேண்டுமென்றால் 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியும், 1913ஆம் ஆண்டு வெப்ஸ்டர் பதிப்பும் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய நூலுக்குப் பழைய அகராதிதான் நல்ல நண்பன். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரதிக்கு நான் முதலில் திறப்பது ஜான்சனைத்தான்.

சொற்பிறப்பு பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் சுவையான கதைகள் நிறைய உலவுகின்றன. 'பாஷ்' (பகட்டான) என்பது கப்பல் பயணச்சீட்டில் நான்கு சொற்களின் முதலெழுத்து என்பார்கள், அதற்கு ஆதாரமே இல்லை. ஒலி கொஞ்சம் ஒத்துப்போனால் போதும், எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போனது என்று பட்டியல் போடுகிறார்கள். தமிழ் மீது பற்று உள்ளவர்கள்தான் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். ஆண்டும் மேற்கோளும் வழித்தடமும் இல்லாத சொற்பிறப்பை நான் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை. உண்மையாகவே தமிழிலிருந்து போன சொற்கள் நிறைய இருக்கின்றன, இதோ அடுத்த படியில் வருகின்றன.

ஆறாம் படி: நம்மூர் ஆங்கிலத்துக்குத் தனி அகராதி

கும்பினிக் கடிதங்களிலும் கலெக்டர் அறிக்கைகளிலும் வரும் பல சொற்கள் எந்த லண்டன் அகராதியிலும் எளிதில் அகப்படாது. அவற்றுக்கு 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி இருக்கிறது. 1886இல் வந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல். பர்னல் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்தவர், தஞ்சாவூரில் நீதிபதி. தஞ்சை அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி அச்சாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமானார். அகராதியின் விசித்திரப் பெயர், முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த குரலை ஆங்கிலச் சிப்பாய்கள் காதில் வாங்கிய விதம்.

அதைத் திறந்தால் நம் வீட்டுச் சொற்களே வேடம் மாற்றி நிற்கும். 'கானிகாப்பொலி' என்று பார்த்து மலைக்க வேண்டாம், அது கணக்கப்பிள்ளை. 'டோப்' தோப்பு. 'பாண்டி' வண்டி. 'போலிகர்' பாளையக்காரர். 'செரூட்' சுருட்டு. 'மல்லிகாட்டானி' மிளகுத்தண்ணீர், இங்கிலாந்து ஹோட்டல்களில் சூப்பாகிவிட்டது. 'சோல்ட்ரி' சாவடி, சத்திரம். 'கேட்டமரான்' கட்டுமரம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இந்தச் சொற்களைக் கண்டுபிடிக்க ஒரு உத்தி: உரக்கப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத தமிழ் காதுக்குத் தெரியும்.

இங்கேயும் நான்காம் படியின் எச்சரிக்கை உண்டு. தென்னிந்திய ஆவணத்தில் 'டேங்க்' என்றால் தண்ணீர்த் தொட்டி அல்ல, ஏரி அல்லது குளம். 'கேஷ்' என்பது ரொக்கம் அல்ல, செப்புக் காசு. பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். தொகை எழுதும் இடத்தில் இதைத் தவறவிட்டால் கணக்கே மாறிவிடும்.

ஏழாம் படி: அளவு, பணம், தேதி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அகராதியில் எளிதில் கிடைப்பவை. 'ஸ்கோர்' என்றால் 20. 1863இல் அமெரிக்க அதிபர் லிங்கன் தன் உரையை 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்' என்று தொடங்கியது 87 ஆண்டுகளை, அதாவது 1776ஐ. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, பென்னியில் கால் 'ஃபார்திங்'. 'கினி' என்பது 21 ஷில்லிங். பர்லாங் நம் பெரியவர்களுக்குத் தெரியும், மைலில் எட்டில் ஒன்று. அந்தச் சொல்லுக்கு உழவுச்சாலின் நீளம் என்று பொருள். 'ஃபேதம்' ஆறு அடி. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம். நம் மீனவர்கள் கடலாழத்தைச் சொல்லும் 'பாகம்' இதேதான். ஆழம் பார்ப்பது என்பதிலிருந்து, ஒரு விஷயத்தின் ஆழத்தைப் புரிந்துகொள்வது என்ற பொருளும் 'ஃபேதம்' என்ற வினைக்கு வந்தது.

பழைய அலுவலகக் கடிதங்களில் தேதியோடு 'இன்ஸ்டன்ட்', 'அல்டிமோ', 'ப்ராக்ஸிமோ' என்று வரும், பெரும்பாலும் சுருக்கமாக. முறையே இந்த மாதம், போன மாதம், வரும் மாதம். மார்ச் 5 தேதியிட்ட கடிதத்தில் '20 அல்டிமோ' என்றால் பிப்ரவரி 20.

எட்டாம் படி: பத்திர ஆங்கிலம்

இதற்குத்தான் பலர் உதவி கேட்கிறார்கள், நானும் இதில்தான் தொடங்கினேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்து ஆங்கிலக் கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. அதில் 'மெஸ்வேஜ்' என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. 'மெசேஜ்' என்பதைத் தட்டச்சர் தப்பாக அடித்துவிட்டார் என்றே நினைத்துக் கடந்துபோனேன். கூட இருந்து படித்தவரும் அப்படியே சொன்னார். வீட்டை விற்கும் பத்திரத்தில் நான்கு இடத்தில் செய்தி எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. 'மெஸ்வேஜ்' என்றால் குடியிருக்கும் வீடும், அதைச் சேர்ந்த புறக்கட்டடங்களும், அடிமனையும் எல்லாம் சேர்ந்தது. அந்தச் சொல்தான் பத்திரத்தின் உயிரே.

பத்திரத்தைப் படிக்கும் முறை இதுதான். முதலில் பெரிய வினையைத் தேடுங்கள். 'திஸ் இன்டென்ச்சர் விட்னெஸெத்' என்று இருக்கும். '-எத்' விகுதி மூன்றாம் படியில் பார்த்ததுதான்: இந்த ஆவணம் சாட்சி சொல்கிறது. 'இன்டென்ச்சர்' என்ற சொல்லுக்குள் 'பல்' இருக்கிறது. ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் பல்பல்லாக வளைத்து வெட்டி ஆளுக்குப் பாதி கொடுப்பார்கள். பின்னாளில் இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பல் சேர வேண்டும், சேராவிட்டால் மோசடி. இந்தச் சொல்லுக்கு நம் வரலாற்றில் கசப்பான ஒரு பக்கம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்து தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளை ஆங்கில ஆவணங்கள் குறித்தது இந்தச் சொல்லால்தான்.

அடுத்து 'ஹியர்', 'தேர்', 'வேர்' என்று தொடங்கும் கூட்டுச் சொற்கள். 'ஹியர்' இருந்தால் 'இந்தப் பத்திரம்' என்றும், 'தேர்' இருந்தால் 'அந்த, மேற்படி' என்றும் வையுங்கள். 'ஹியர்இன்ஆஃப்டர்' இப்பத்திரத்தில் இனிமேல், 'தேர்ஆஃப்' அதனுடைய, 'வேர்பை' எதன் மூலமாக. முக்கால்வாசி பயம் இதிலேயே தெளியும்.

'ப்ரெமிசஸ்' என்ற சொல்லை நாம் கட்டட வளாகம் என்கிறோம். பத்திரத்தில் அதன் முதல் பொருள் 'மேலே சொன்னவை'. வீட்டை ஒருமுறை விவரித்துவிட்டு, பிறகு 'மேற்சொன்னவை, மேற்சொன்னவை' என்றே எழுதிப் போனதால், மேற்சொன்னவை என்ற சொல்லே வீட்டுக்குப் பெயராகிவிட்டது. எனவே பத்திரத்தின் பிற்பகுதியில் அது வந்தால் கட்டடம் மட்டும்தானா, விவரித்த சொத்து முழுவதுமா என்று முன்னே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். (உரிமை வழக்கு ஏதும் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள். பொருள் புரிவது வேறு, சட்டத்தில் அது செல்லுபடியாவது வேறு.)

கடைசியாக 'அபர்டெனன்ஸஸ்'. சொத்தைச் சார்ந்து அதனோடு சேர்ந்தே கைமாறும் வழி, தண்ணீர் முதலிய உரிமைகள். இதற்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தபோது அதே பெட்டியில் அதே வீட்டுக்கான இன்னும் பழைய தமிழ்ப் பத்திரம் கிடைத்தது. அதில் 'மாவடை மரவடை நிதி நிக்ஷேபம் ஜலம் தரு பாஷாணம்' என்று ஒரே மூச்சில் ஓடியது. நிதி நிக்ஷேபம் என்றால் புதையல், ஜலம் தண்ணீர், தரு மரம், பாஷாணம் கல். என் குறிப்பேட்டில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே இந்த வரியை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.